கோந்துவுக்குப் புரிந்த தமிழ்

டீச்சர் சொன்ன முதல் விதியை, வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்குவதற்குள்ளேயே மீறிவிட்டோம். "ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்லணும்" என்பது விதி. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, "வா வா வா, வாடா ராஜா, வா" என்றார். எந்த வாவுக்கு வருவது என்று புரியாமல் குட்டி இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் அவரே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

டீச்சர் என்று நான் சொல்வது நாய்க்குட்டிகளைப் பழக்கிக் கொடுக்கும் அம்மாளை. ஊருக்கு வெளியே பெரிய கொட்டகையும் கம்பிவேலியுமாகத் தனியாக இருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாததாலோ என்னவோ, வார்த்தையை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார். நாங்கள் போயிருந்தபோது குட்டியின் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்து "இரு" என்றார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்துக்கொண்டு ஆற அமர வந்தார். குட்டியின் வாயிலிருந்து எச்சில் தரைவரை ஒழுகியதே தவிர ஒரு கால்கூட நகரவில்லை. "சரி" என்றார். அடுத்த கணம் தட்டு காலி.

"எங்க டிப்போவுல இப்படிச் சொன்ன பேச்சு கேக்குற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது" என்றார் பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர்.

டீச்சர் சிரிக்கவில்லை. "உக்காரு, இரு, வா. இருன்னதுல இருந்து விடுவிக்கணும்னா 'சரி'. இது நாலும் போதும். பழக்குறது நான், அதைக் காப்பாத்துறது நீங்க. மாசம் முடிஞ்சதும் வந்து பார்ப்பேன். பழக்கம் போயிருந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். இதைக் கேட்டு இன்னொரு வீடு காத்துட்டிருக்கு" என்றார்.

பழக்கின குட்டிதான் வேண்டும் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் என் தங்கச்சி. அவள் சைக்கிளில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். எங்கள் தெருமுனை நாற்சந்தியில் ஒரு வேன் பக்கவாட்டில் வந்து இடித்ததில் தொடை எலும்பு முறிந்து, எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். எலும்பு கூடிவிட்டது. "இனி நடக்கவேண்டியதுதான்" என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் அவள் வாசலைத் தாண்டவில்லை. "கேட்டுக்கு வெளியே கால் வச்சா பின்னாடி வேன் வர்ற மாதிரியே இருக்குக்கா" என்பாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே மாதங்கள் ஓடின. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். என்னால் பேசாமல் இருக்க முடிந்தது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு ஒரு நாய் இருந்தால் போவேன் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். சும்மா கிடைக்கிற குட்டி என்றால் இழுக்கிற இழுப்பில் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். அதனால்தான் டீச்சர்.

குட்டி அவள் காலோடு ஒட்டிக்கொண்டே நடந்தது. கோந்து என்று பெயர் வைத்தாள். முதல் நாள் கேட் வரைக்கும், அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் மாவு மில், அப்புறம் தெருமுனை என்று இரண்டு பேருமாக ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். தெருமுனையைத் தொட்டுவிட்டு வந்த அன்று அவள் முகமெல்லாம் வியர்வை, பல்லெல்லாம் சிரிப்பு. நான் என் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் கோந்து கெட்டுப்போக ஆரம்பித்தது.

முதலில் "இரு" போயிற்று. இரு என்றால் உட்காரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து போய்விடும். பிறகு "வா"வும் போயிற்று. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு, நமக்கில்லை என்பதுபோல் காதைச் சொறியும். கூப்பிடாதபோது ஓடி வந்து நிற்கும். காலையில் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பினால் அவருக்கு முன்னால் வாசலுக்குப் பாய்ந்துவிடும்.

"நீங்க மேசைக்கு அடியில பிஸ்கட் குடுத்துக் குடுத்துதான் கெட்டுப்போச்சு" என்றேன் நான்.

"உன் வாய்க்குப் பயந்து அதுக்குக் காது அடைச்சுப் போச்சு" என்றார் அவர்.

ஆளுக்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது. நிஜமான காரணம் யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் தெருமுனையில் கோந்துவை உட்காரவைத்து, இரு என்று சொல்லிவிட்டு, வண்டிகள் போகட்டும் என்று தங்கச்சி நின்றிருக்கிறாள். சந்தியைக் கடக்கிற எண்ணமெல்லாம் இல்லை. அங்கே நின்று பார்த்துவிட்டு வருவதே அவளுக்குப் பெரிய காரியம். திடீரென்று கோந்து எழுந்து ரோட்டில் இறங்கிவிட்டது. அவள் கழுத்து வாரைப் பிடித்து இழுத்துவிட்டாள். லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே உரசினாற்போலப் போனதாம். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாதி புடவையில் சிந்தியது.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. "நாளைக்குக்கா" என்ற பழைய பேச்சு திரும்ப வந்துவிட்டது. டீச்சர் வருவதற்கு இன்னும் பாதி மாதம்தான் இருந்தது. குட்டியும் போய்விட்டால் இவள் நிரந்தரமாக ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். டீச்சருக்கே போன் பண்ணிக் கேட்கலாம் என்றால், கேட்ட கையோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம்.

எங்கள் முன்னறைதான் என் கடை. பேன்ட் அளவு குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அங்கேதான். அன்று மதியம் ஒரு வாடிக்கையாளர் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயில் குண்டூசியோடு கோட்டின் கையை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மூலையில் நின்று டிப்போ மேலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தங்கச்சி கோந்துவைக் கதவோரம் உட்காரவைத்து, இரு என்று சொல்லியிருந்தாள்.

"சரி சார்" என்றார் வீட்டுக்காரர். கோந்து எழுந்தது.

தங்கச்சி மறுபடி உட்காரவைத்தாள்.

"சரி... சரி சரி... இல்ல சார், அந்த ரூட்டுதான்... சரி."

எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது.

"சரியா இருக்கா பாருங்க" என்றேன் நான், ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம்.

"இருங்க, கைய நீட்டிப் பாக்குறேன். ம், சரி."

கோந்துவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். அறை நடுவில் வந்து நின்று, பேசிய எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. தங்கச்சி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு, வாடிக்கையாளர் தன் கோட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது கெட்டுப்போகல. நாம சொல்றதையெல்லாம் ஒண்ணு விடாம கேக்குது. அன்னிக்கு ரோட்டுலயும் பழக்கடைக்காரர் யார்கிட்டயோ 'சரி சரி, எடுத்துக்கோங்க'ன்னு சொன்னாரு. அதுக்குத்தான் எழுந்திருக்கு!"

அப்புறம் யோசித்துப் பார்த்தால் எல்லாமே விளங்கியது. வீட்டுக்காரர் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்பார். நான் "போயிட்டு வாங்க" என்பேன். அந்த வாவுக்குத்தான் அது வாசலுக்குப் பாய்ந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து யாராவது கூப்பிட்டால் "இரு, வரேன்" என்பது என் வழக்கம். இருக்கச் சொல்லி வரவும் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? டீச்சர் வீட்டில் தனி ஆள். அவர் வாயில் சரி வந்தால் அது நாய்க்குத்தான் வரும். எங்கள் வீட்டில் சரி என்பது மூச்சு.

அன்றே சட்டம் போட்டோம். வா, இரு, சரி மூன்றும் இனி கோந்துவுக்கு மட்டும்; மனிதர்களுக்குக் கிடையாது.

அடுத்த இரண்டு நாள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? மறுநாள் காலை வீட்டுக்காரர் ஷூவை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "போறேன்" என்றார்.

"வாயைக் கழுவுங்க! வண்டி ஓட்டுற மனுஷன், காலங்காத்தால போறேன்னா சொல்வாங்க?"

"வேற என்னன்னு சொல்ல? நீதானே சட்டம் போட்டே?"

"போயிட்டுத் திரும்பிடறேன்னு சொல்லுங்க."

"போயிட்டுத் திரும்பிடறேன்."

"ம். போயிட்டுத் திரும்புங்க."

கடன்காரனை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. டிப்போ மேலாளர் போனில் சொன்னதற்கெல்லாம் இவர் சரிக்குப் பதிலாக "ஆகட்டும், ஆகட்டும்" என்றிருக்கிறார். கிண்டல் பண்ணுகிறார் என்று அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். நான் ஒரு வாடிக்கையாளரை வரவேற்க வார்த்தை கிடைக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் பயந்து படியிலேயே நின்றுவிட்டார்.

"வீட்டுக்குள்ள வாயைக் கட்டலாம்க்கா. தெருவுல என்ன பண்றது? ஊர் முழுக்க வா, இரு, சரின்னுதான் பேசிட்டிருக்கு" என்றாள் தங்கச்சி.

அதுவும் நியாயம்தான். இரண்டாம் நாள் மாலை மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரருக்கு மட்டும் விளையாட்டுப் போகவில்லை. சோபாவில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோந்துவின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "அன்புக்குரிய கோந்து அவர்களே! வருக! வந்து அமர்க!" என்று மேடைப்பேச்சுக் குரலில் முழங்கினார். கோந்து தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. காதுகூட அசையவில்லை.

"விளையாடுறதுக்கு நேரம் பாத்தீங்களா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"இரு அக்கா, இரு" என்று தங்கச்சி குறுக்கே கையை நீட்டினாள். சட்டத்தை மீறினாள், யாரும் கண்டுகொள்ளவில்லை. "மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"வருக. அமர்க."

"இந்தத் தமிழை யாராவது தெருவுல பேசுறாங்களா? பழக்கடைக்காரர் பேசுவாரா? டிப்போவுல பேசுவாங்களா? பாட புத்தகத்துலயும் மேடையிலயும்தானே இருக்கு. இதையே வச்சுக்கலாம்!"

நான் அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். நாற்பது வருஷமாக எனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத செந்தமிழ், ஒரு நாய்க்குட்டிக்கு உதவப்போகிறது என்று யார் கண்டது?

உக்காரு என்பது அமர்க ஆயிற்று. வா என்பது வருக. சரி என்பது செல்க. இரு என்பதற்கு நிற்க. கடைசியில் மட்டும் வீட்டுக்காரர் தகராறு பண்ணினார்.

"நிற்கன்னு சொன்னா அது உக்காந்திருக்கணுமா? என்னம்மா அநியாயமா இருக்கு?"

"கடிதத்துல நடுவுல நிற்கன்னு எழுதுவாங்களே மாமா. அதைப் படிச்சிட்டு யாராவது எழுந்தா நிக்கிறாங்க?" என்றாள் தபால்காரி.

பழக்கியதும் அவள்தான். முதலில் புதுச் சொல், ஒரு மூச்சு விட்டு அதன் பின்னால் பழைய சொல், செய்தால் பிஸ்கட் துண்டு. கொஞ்ச நாளில் பழையதைச் சொல்வதற்கு முன்னாலேயே கோந்து செய்துவிடத் தொடங்கியது. பிறகு பழையதை விட்டுவிட்டாள். நாங்கள் வேண்டுமென்றே பக்கத்தில் நின்று "சரி சரி, வா வா, இரு இரு" என்று கூச்சல் போடுவோம். கோந்து எங்களைக் கண்டுகொள்ளாது. வீட்டிலே, மாடியிலே, கேட் வரைக்கும் என்று எல்லா இடத்திலும் பழக்கினாள். தெருமுனைக்கு மட்டும் போகவில்லை. நான் கேட்டால், "இன்னும் கொஞ்சம் பழகட்டும்க்கா" என்பாள். பழக வேண்டியது கோந்து இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாதம் முடிந்து டீச்சர் வந்தார். காப்பி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நேராகக் குட்டியைப் பார்த்து, "உக்காரு" என்றார்.

கோந்துவுக்குப் பழைய டீச்சரைக் கண்டதில் ஒரே குதூகலம். செருப்பை முகர்ந்தது, வாலை ஆட்டியது, முழங்கையை நக்கியது. உட்காரவில்லை.

"இரு."

இருக்கவில்லை. என் மெஷினுக்கு அடியில் போய்த் துணித்துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது.

"வா" என்றார், அது ஏற்கனவே காலடியில் நின்றுகொண்டிருந்தாலும். பிறகு பையிலிருந்து ஒரு வாரை எடுத்தார். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது எதையும் மறக்கல டீச்சர்! நாங்கதான் பாஷையை மாத்திட்டோம்!" என்று நான் நடுவில் பாய்ந்தேன். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். தங்கச்சி அமர்க என்றாள், அமர்ந்தது. நிற்க என்றாள், அசையவில்லை. டீச்சரின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்குள்ள எந்த நாயும் உக்காரும். ரோட்டுல காட்டுங்க. அந்தச் சந்தியில. கடந்து காட்டுங்க."

"நான் நடத்திக் காட்டுறேன்" என்றேன்.

"குட்டி உங்களுக்கா, அவங்களுக்கா?"

தங்கச்சி டீச்சரின் கையிலிருந்த வாரைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூவை மாட்டினாள். லேஸை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். நான் உதவிக்குப் போகாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவளும் கோந்துவும் முன்னால் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னால். சந்தி வந்ததும் அவள் நின்றாள். குரலே எழும்பாமல் "நிற்க" என்றாள். கோந்து அவள் காலோரம் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவே சதி செய்ததுபோல் இருந்தது. ஓர் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து, "வா வா, சீக்கிரம் வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். பழக்கடைக்காரர் "சரி சரி சரி" என்று யாரையோ சமாதானப்படுத்தினார். ஸ்கூட்டரில் ஒருவன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, "சரி, இரு, அங்கேயே வரேன்!" என்று கத்தினான். ஒரு வேன் இவர்கள் பக்கத்தில் வளைந்து திரும்பியது. தங்கச்சியின் தோள்கள் விறைத்தன. கோந்துவின் காது மட்டும் ஒருமுறை துடித்தது, உடம்பு அசையவில்லை. அவள் கீழே குனிந்து அதைப் பார்த்தாள். நீ இருக்கிறாயே என்கிற மாதிரி ஒரு பார்வை.

ரோடு காலியானது.

"செல்க" என்றாள். சந்தியில் இருந்த பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு பேரும் இறங்கி, நடுரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறினார்கள். நடுவே ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் விலகியபோது அங்கே ஆளில்லை.

"எங்க போனா? ஏங்க, எங்க போனா அவ?" என்று நான் ரோட்டில் இறங்கப் போனேன்.

டீச்சர் என் கையைப் பிடித்து, "இருங்க" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் நின்றுவிட்டேன்.

நின்றுகொண்டே இருந்தோம். வீட்டுக்காரர் பழக்கடைப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை மாதம் வெளியே போ, வெளியே போ என்று உயிரை விட்டவள் நான்தான். இப்போது போனவள் திரும்பவில்லையே என்று கோபம். கோபம்போல் இருந்தாலும் அது கோபமில்லை. கண் நிறைந்து ரோடு கலங்கித் தெரிந்தது. டீச்சர் எதுவும் கேட்காமல் கையிலிருந்த வாரைச் சுருட்டிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். அவள் லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். நின்று, பார்த்து, நிதானமாகக் கடந்து, நேராக என் முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏங்க்கா, அந்தப் பக்கம் பேக்கரியை மூடிட்டாங்களாமே? மூடி நாலு மாசமாகுதாமே? அஞ்சாம் நம்பர் வீட்டம்மா வீட்டையே மாத்திட்டுப் போயிட்டாங்க! அந்த மஞ்ச வீட்டுல ரெட்டைக் குழந்தை பொறந்து தவழுது! ஊரே மாறிக் கிடக்கு, ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே? நாளைக்கு நான் தபால் பையைத் தூக்கிட்டுப் போனா யார் எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.